காப்பர் அயோடைடு, பிரிடின் ரெண்டையும் வச்சு ஒளிரும் கிளஸ்டர் பண்றது எப்படி

எம்.எஸ்சி படிக்கிறவங்க காலேஜ் லேப்லயே பண்ணலாம், ஆனா பிரிடின் நாத்தம் தாங்காது, ஆவியும் நல்லதில்ல, அதனால ஃபியூம் ஹூட், கிளவுஸ், கண்ணாடி இல்லாம பாட்டிலையே திறக்காதீங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். பிரிடின் வளையத்துல இருக்கிற நைட்ரஜனோட தனி ஜோடி எலக்ட்ரான் வளையத்தோட ஆறு எலக்ட்ரான்ல சேராம வெளிப்பக்கமா நீட்டிட்டு நிக்கும், அதான் காப்பரைப் பிடிக்குது. காப்பர்(I)க்கு (ஒரு எலக்ட்ரான் இழந்த காப்பர்) நாலு கை, மூணுல அயோடைடு, ஒண்ணுல பிரிடின்னு பிடிச்சா நாலு காப்பரும் நாலு அயோடைடும் மாறி மாறி மூலையில உக்காந்து ஒரு கனசதுரக் கூடு (இதைத்தான் கிளஸ்டர்ங்கிறோம்) தானாவே கட்டிக்கும், நாம எதையும் அடுக்க வேண்டியதில்ல.

செறிவான பொட்டாசியம் அயோடைடு கரைசல் 10 மி.லி எடுத்து, துளி அஸ்கார்பிக் ஆசிட் போட்டு (இன்னொரு எலக்ட்ரானும் இழந்து காப்பர்(II) ஆகிடக்கூடாதுல்ல), 190 மி.கி காப்பர் அயோடைடைக் கரைங்க. அப்புறம் பிரிடின் 80 மைக்ரோலிட்டர், கலக்கிட்டே சொட்டு சொட்டா. வெளிர் நிறத் தூள் விழும். இந்த அளவு சும்மா சொன்னதில்ல, ரெண்டும் 1 மில்லிமோல், அதாவது 1:1. பிரிடின் கூடிப்போனா ரெண்டு காப்பர் மட்டும் உள்ள சின்ன கூட்டு வந்துடலாம், குறைஞ்சா ஏணிப்படி மாதிரி நீண்ட சங்கிலி, ரெண்டுமே நமக்கு வேணாம்.

நிறைய பேர் கோட்டை விடுறது கழுவுறதுலதான். வடிகட்டுன உடனே தண்ணி ஊத்தினா தூள்ல ஒட்டிட்டு இருக்கிற கரைசல் நீர்த்துப்போய் மிச்ச காப்பர் அயோடைடும் அதுலயே படிஞ்சுடும், அதனால முதல்ல கொஞ்சம் அதே பொட்டாசியம் அயோடைடு கரைசல், அடுத்து தண்ணி, கடைசியா கொஞ்சூண்டு எத்தனால். ஓவன்ல வைக்காதீங்க, பிரிடின் கழண்டு போயிடும், காத்துல காய்ஞ்சா போதும்.

இப்ப ரூமை இருட்டாக்கி 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிங்க, பளிச்சுனு மஞ்சளா எரியும். அந்த மஞ்சள் ஒளி கூடுக்குள்ள இருந்து வருது, ஏன்னா அங்க காப்பருக்கும் காப்பருக்கும் நடுவுல சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம்தான் தூரம். அதே தூளை ஒரு சோதனைக்குழாய்ல போட்டு லிக்விட் நைட்ரஜன்ல இறக்குங்க, நீலஊதாவா மாறிடும், ஏன்னா அந்தக் குளிர்ல அயோடைடுல இருந்து பிரிடினுக்கு எலக்ட்ரான் போற இன்னொரு நிலைதான் ஒளிருது. வெளிய எடுத்து வச்சா கண்ணு முன்னாடியே மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும்.