உங்கள் சொந்த நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள்

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர் தங்கச்சி ஒருத்தியை என்னோடு வீட்டுச் சந்திப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். மார்பகப் புற்றுநோய் முற்றிப்போன ஓர் அம்மா. புண்ணைக் கழுவி, வாடை குறைய மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, கட்டுப் போட்டு முடித்தோம். கிளம்பும்போது அந்த அம்மாவின் மகன் ஒன்றும் பேசாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடனே இவள் பேனாவை எடுத்து, காலண்டர் அட்டையின் ஓரத்தில் தன்னுடைய செல் நம்பரை எழுதினாள்.

"எந்நேரம்னாலும் கூப்பிடுங்கண்ணே. ராத்திரி ரெண்டு மணின்னாலும் பரவால்ல."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில் வீட்டுக்கு வீடு நான் சொல்லிவந்த அதே வார்த்தை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, நோய் ஆதரவு சிகிச்சைக்கு, அதாவது முற்றிய நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சைக்கு, வீடு வீடாகப் போகும் இளம் செவிலியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் முடியாமல் போகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

சொந்த நம்பரைக் கொடுப்பது

எனக்கு வேலையில் இரண்டாவது வருடம். வாய்ப் புற்றுநோயோடு ஒரு பெரியவர். கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும். பார்த்துக்கொள்ள ஒரே மகள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். மருத்துவர் கடும் வலிக்கான 'மார்பின்' என்ற மருந்தை, 10 மில்லிகிராம் மாத்திரையாக எழுதியிருந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கப்போகும்போது மட்டும் இரண்டு. அப்படிக் கொடுத்தால் நடுச்சாம வேளைக்கு நோயாளியை எழுப்ப வேண்டியதில்லை. இடையில் வலி பீறிட்டு வந்தால் கூடுதலாக ஒன்று கொடுக்கலாம் என்றும் சீட்டில் தெளிவாக இருந்தது.

ஆனாலும் அந்த மகள் ஒவ்வொரு ராத்திரியும் என்னைக் கூப்பிடுவாள். "அக்கா, அப்பா துடிக்கிறாரு. இன்னொரு மாத்திரை கரைச்சு ஊத்தவா?" "ஊத்தும்மா" என்பேன். பேச்சு இரண்டு நிமிடம்தான். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வராது. அப்போது என் கையில் அப்படிப் பதினோரு வீடுகள் இருந்தன. அந்தப் பெண் ஊரில் எல்லோரிடமும் என்னை "எங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நிற்காது என்ற நினைப்பு எனக்குத் தேவைப்பட்டது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காய்ச்சல். மாத்திரை போட்டு அடித்துப்போட்டாற்போலத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து 19 அழைப்புகள்.

ஓடினேன். பெரியவர் உயிரோடுதான் இருந்தார். ராத்திரி முழுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு விரல்களின் நகக்கண் கிழிந்திருந்தது. மாத்திரை அட்டை மாடக்குழியில் வைத்தது வைத்தபடி இருந்தது. "கைக்கெட்டுற தூரத்துல இருக்கே, ஏம்மா கொடுக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாம நானா எப்படிக்கா கொடுப்பேன்?"

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது, என்மேல்தான். சீட்டில் எழுதியிருந்ததைச் செய்யக்கூட என் குரல் வேண்டும் என்று இரண்டு மாதமாக நான்தான் அவளைப் பழக்கியிருக்கிறேன். அதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த ராத்திரி அழைப்புகளில் ஒன்றுகூடக் கோப்பில் இல்லை. கூடுதல் மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை போகிறது என்று கூட்டிப் பார்த்துத்தான் மருத்துவர் அன்றாட அளவை ஏற்றுவார். அவர் கோப்பைப் பார்த்து, வலி கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். என் தூக்கமும் போனது, அந்த மனிதர் இரண்டு மாதம் தேவையில்லாத வலியையும் அனுபவித்தார். அந்த மாதக் கூட்டத்தில் என்னை "அர்ப்பணிப்பு" என்று பாராட்டியிருந்தார்கள்.

இதை இன்னொரு பிள்ளை செய்வதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. களைத்துப்போவது உங்கள் சொந்த விஷயம் என்று நினைக்காதீர்கள். அதற்கான விலையை அந்தக் கட்டிலில் கிடப்பவர்தான் முதலில் கொடுக்கிறார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். குழுவுக்கென்று ஒரே ஒரு போன், ராத்திரிக்கு முறைவைத்து ஒருவர் கையில் இருக்கும். வீட்டுக்கு அந்த எண் மட்டும்தான் போகும். எழுத்து தெரியாத வீடென்றால் மருந்துத்தாளில் சூரியனும் நிலாவும் வரைந்து, பக்கத்தில் மாத்திரையை ஒட்டிக் கொடுக்கிறோம். முதல் கூடுதல் மாத்திரையை நம் கண்முன்னே அவர்கள் கையாலேயே கரைத்துக் கொடுக்க வைக்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் காலண்டரில் அன்றைய தேதிமேல் ஒரு கோடு. அடுத்த சந்திப்பில் அந்தக் கோடுகளை எண்ணிக் கோப்பில் ஏற்றிவிடலாம். மார்பினோடு மலச்சிக்கல் மாத்திரையும் கட்டாயம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ராத்திரி அழைப்புகளில் பாதி அதற்காகத்தான் வரும்.

லண்டனில் 1967-ல், இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் மருத்துவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா என்று நான்கும் சேர்ந்ததுதான் வலி என்று சொன்னவர் அவர். மூன்று வேலையும் கற்ற அவரே குழுவாகத்தான் வேலை செய்தார். நாம் ஒரு பையையும் ஒரு ஸ்கூட்டியையும் வைத்துக்கொண்டு நான்கையும் தனியாகத் தூக்கப் பார்க்கிறோம்.

சாத்தூர் பக்கத்து வீட்டுக்கு மறுநாளே திரும்பப் போனோம். காலண்டர் அட்டையில் இருந்த நம்பரின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, குழு எண்ணை அவளே எழுதினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினாள்.

பொய்க்கு உடன்படுவது

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர், அல்சர்னு சொல்லியிருக்கோம்." வாசலிலேயே மறித்துச் சொல்வார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போனால், அந்தப் பெரியவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசத்தச் சொல்லு தாயி" என்பார். ஒருநாளில் ஐந்து வீட்டில் இப்படி நடித்துவிட்டு வந்தால், சாயங்காலம் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும். ஏனென்றே தெரியாது.

நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள். பெரும்பாலும் அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவரும் தெரியாததுபோல இருப்பார்.

எல்லாத் துட்டிக்கும் போவது

நாம் பார்த்த நோயாளி இறந்தால் துக்கம் கேட்க, நான் ஒரு காலத்தில் ஒன்றுவிடாமல் போனேன். ஒரே வாரத்தில் நான்கு. பிறகு வெறுத்துப்போய் எதற்குமே போகாமல் இருந்தேன். அது இன்னும் கெடுதல். முடியாத வீடுகளாகவே மனதுக்குள் கிடந்தன.

இப்போது அன்றைக்கே ஓடுவதில்லை. பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து, சொந்தபந்தம் கிளம்பியபின் ஒருமுறை போகிறேன். வீட்டில் ஆள் இல்லாமல் அந்த மகளோ மனைவியோ தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான். மிச்ச மார்பின் மாத்திரைகளைக் கணக்குப்பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறேன். அலுவலகம் திரும்பியதும் கோப்பை மூடும்முன், குழுவில் அந்த நோயாளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறோம். அழுகிறவர்கள் அழுவார்கள்.

கைக்காசு கொடுப்பது

கொடுக்காதீர்கள். சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

"பழகிடுச்சு" என்று சொல்லிக்கொள்வது

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையால் மனம் எரிந்துபோகும் இந்த நிலையைக் குறித்திருக்கிறது. நோய் என்று சொல்லவில்லை, சரிசெய்யப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, செய்கிற வேலை பலிக்கவில்லை என்று தோன்றுவது.

முதலாவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறோம். இரண்டாவதைத்தான் அனுபவம் என்று நினைத்து ஏமாறுகிறோம். ஒருவரை அவர் பெயரால் சொல்லாமல் "அந்தப் புழுப்புண் கேஸ்" என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்த நாளைக் கவனியுங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின், ஆள் இறந்திருந்தால் சீக்கிரம் திரும்பிவிடலாமே என்று ஓர் எண்ணம் வந்துபோகும். எனக்கு வந்திருக்கிறது. அது வந்ததால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே குழுத் தலைவரிடம் சொல்லி, வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அதே பதினோரு வீட்டுக்குத் திரும்பினால் ஒன்றும் மாறியிருக்காது.

லீவைச் சேர்த்துவைப்பது

எடுத்துவிடுங்கள்.

நமக்கு எதற்கு என்று இருப்பது

நோயாளிகளின் வீட்டாருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை நாம்தான் எழுதிக்கொடுக்கிறோம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம். அந்த எண் நமக்கும்தான் என்று எனக்குத் தோன்றவே நாளாகிவிட்டது. ஒரு சின்னப் பையன் இறந்த வாரம், மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டேன். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல், "நான் நர்ஸ்" என்று மட்டும் சொன்னேன். அழுகை முந்திக்கொண்டது. மறுமுனையில் இருந்த பெண் வைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் முடிக்கும்வரை இருந்தாள்.