கிளாசிக் கார் பெட்ரோல் டேங்கில் ட்ரெயின் பிளக் வைப்பது எப்படி

பழைய காருக்குப் புதிதாக டேங்க் செய்யக் கொடுக்கும்போது கொள்ளளவையும் மூடியையும் மிதவையையும் யோசிக்கிறோம். அடியில் ஒரு ட்ரெயின் பிளக், அதாவது தேங்கியதை வடிக்கக் கழற்றும் திருகு மூடி, வைக்கச் சொல்ல மறந்துவிடுகிறோம். எம்ஜிபி போன்ற பல பழைய பிரிட்டிஷ் கார்களில் அது கம்பெனியிலிருந்தே வந்தது. இன்று அதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் டேங்க் அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனால்தான்.

பிளக் இருந்தால் மட்டும் போதாது. கடைசி அடுக்கும் வெளியே வர வேண்டும். பெரும்பாலான டேங்குகளில் கோட்டை விடுவது இங்கேதான். பிளக்கைத் திருகுவதற்கு மரை போட்ட புஷ்ஷைத் (தடித்த உலோக வளையம்) தகட்டுக்குள் நுழைத்து வெல்டிங் வைத்தால், அதன் விளிம்பு உள்ளே 3 மி.மீ. துருத்தி நிற்கும். 500 × 400 மி.மீ. அடித்தகட்டில் 3 மி.மீ. உயரம் என்றால் 600 மி.லி. தண்ணீர். பிளக்கைக் கழற்றினாலும் அது அப்படியே உள்ளே கிடக்கும்.

எனவே அடித்தகட்டில் முதலில் ஒரு சிறு குழி வேண்டும். 100 மி.மீ. விட்டம், 15 மி.மீ. ஆழம் இருந்தால் சுமார் 120 மி.லி. பிடிக்கும். அதன் நடுவில் புஷ். குழியின் இடத்தை டேங்க் செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள்: காரைச் சமதளத்தில், நான்கு சக்கரத்தில் நிறுத்தி, டேங்க் உட்காரும் இடத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பல கார்கள் முன்னாலோ பின்னாலோ சற்றுச் சரிந்துதான் நிற்கும். 1 டிகிரி சரிவு 500 மி.மீ. நீளத்தில் 9 மி.மீ. வித்தியாசம் காட்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கே குழி. சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே வந்தால் மட்டும் தள்ளி வையுங்கள். பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் நுனி குழிக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் இன்ஜினுக்கு முதலில் போவது தண்ணீர்தான். அடித்தகட்டிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் நிறுத்துங்கள்.

புஷ்ஷை லேத்தில் கடையுங்கள். வெளிவிட்டம் 28 மி.மீ., உயரம் 12 மி.மீ., நடுவில் எம்14 × 1.5 மரை (14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி). மேல்முனையில் 22 மி.மீ. விட்டத்துக்கு ஒரு படி. படியின் உயரம் சரியாகத் தகட்டின் கனம், அதாவது 1.6 மி.மீ. தகட்டுக்கு 1.6 மி.மீ. படி துளைக்குள் உட்கார்ந்தால் உள்பக்கம் வழவழவென்று ஒரே மட்டமாக இருக்கும். வாஷர் உட்காரும் அடிமுகம் மரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எத்தனை வாஷர் மாற்றினாலும் கசியும். டேங்க் எந்த உலோகமோ புஷ்ஷும் அதுவே. அலுமினிய டேங்கில் பித்தளை பிளக் போடாதீர்கள். அடியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும்.

கூம்பு மரை பிளக் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுக்கத் தோன்றும், ஒருநாள் புஷ் விரியும். கசியாமலிருக்க அதில் சுற்றும் டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் கார்புரேட்டர் ஜெட்டை அடைப்பதும் உண்டு. நேர் மரையும் ஒரு வாஷரும் போதும்: இரும்பு டேங்குக்குச் செம்பு வாஷர், அலுமினிய டேங்குக்கு அலுமினிய வாஷர். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

வெல்டிங்குக்கு ஆர்கான் வெல்டிங்தான் சரி. துளையின் பிசிறை அரத்தால் ராவி, அசிட்டோனால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்; வெல்டிங் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும். மரை கோணாமல் இருக்க ஒரு பழைய பிளக்கைத் தளர்வாக மாட்டி, எதிரெதிராக நான்கு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்துவிட்டு, பிறகு வெளிப்பக்கம் சுற்றிலும் வெல்டிங் ஓட்டுங்கள். ஆறிய பின் மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்து, உள்ளே விழுந்த தூளை முழுவதும் எடுங்கள்.

இதெல்லாம் ஒருமுறைகூடப் பெட்ரோல் ஊற்றாத புது டேங்குக்கு மட்டும். பயன்படுத்திய டேங்கில் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள், ட்ரில்கூடப் போடாதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது: காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும், மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நீராவியில் கழுவி, ஆர்கான் நிரப்பி வேலை செய்யத் தெரிந்த பட்டறையிடம் கொடுங்கள்.

கசிவு பார்க்க 2 பி.எஸ்.ஐ. காற்று போதும், 3-ஐத் தாண்டவே கூடாது. 3 பி.எஸ்.ஐ.யில் மேலே சொன்ன அடித்தகட்டின் மேல் 400 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். கம்ப்ரசர் ஹோஸை நேராக மாட்டினால் டேங்க் உப்பிவிடும். சைக்கிள் பம்பால் அடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, 15 நிமிடம் பாருங்கள். பிளக்கை அலுமினியத்தில் 20 நியூட்டன் மீட்டர், இரும்பில் 25 வரை இறுக்குங்கள். பிளக்கின் தலையில் 1.5 மி.மீ. துளை போட்டு 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பியால் கட்டிவிட்டால் அதிர்வில் கழலாது. பிளக்குக்குப் பதில் கைப்பிடி வைத்த குழாய்த் திருகு வசதிதான், ஆனால் ஒரு கல் பட்டால் திறந்துகொள்ளும்.

வடிக்கும்போது கார் ஓரிரவு நின்றிருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் முழுவதும் அடியில் இறங்கும். திறந்த வெளியில், பேட்டரியின் எர்த் முனையை (கார் பாடியோடு இணைந்த முனை) கழற்றிவிட்டு, இரும்பு டப்பாவை டேங்கோடு ஒரு ஒயரால் இணைத்து 200 மி.லி. பிடியுங்கள். அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் கீழே இருப்பது தண்ணீரும் எத்தனாலும். கோடு மறையும்வரை மீண்டும் வடியுங்கள். குப்பியில் துருத்தூள் வந்தால் ஃபில்டரையும் அன்றே மாற்றுங்கள்.