ஹவாய் மொழியில் முதல் சொற்கள்: காவல் முன்னோர், ஆவி, வீடு

ஹவாய் மொழியில் உயிர் ஐந்து, மெய் எட்டு. மல என்றால் வலி, மால என்றால் தோட்டம். குறில் நெடில் நமக்குப் பழக்கம்தான். தமிழர் தடுக்கி விழும் இடங்கள் வேறு.

படி 1: ஒலி
எட்டாவது மெய்யின் பெயர் ‘ஒகின. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். இங்கே அதை ‘ என்று எழுதியிருக்கிறோம். கொ‘உ என்றால் "என்னுடைய". பழக்கத்தில் உடம்படுமெய் சேர்த்து "கொவு" என்றால், கேட்பவர் காதில் "உன்னுடைய" என்று விழும். க, ப எங்கே வந்தாலும் வல்லொலிதான்: லபு என்பதன் பு, "புல்"லில் வரும் பு, "அன்பு"வில் வருவது அல்ல. ஹலெ (வீடு) குறிலில் முடிகிறது, இழுக்காதீர்கள்.

படி 2: ஆவிகளைப் பிரித்தறிதல்
அகுஅ தெய்வம். ‘உஹனெ உயிர், ஆன்மா. லபு பேய். ‘ஔமகுஅ இவற்றோடு சேராது: ஒரு குடும்பத்தைக் காக்கும், தெய்வமான முன்னோர். சுறா (மனோ), ஆந்தை (புஎஒ), பல்லி வடிவ நீர்க்காவலர் (மொ‘ஒ) என உருவெடுத்து வருவார். பன்மைக்கு நடு எழுத்தை நீட்டுங்கள்: ‘ஔமாகுஅ. இது வம்சவழி உறவு. பிடித்த விலங்கைக் காட்டி "இதுதான் என் ‘ஔமகுஅ" என்று வெளியார் சொல்லிக்கொள்வது முறையல்ல.

படி 3: முன்னொட்டுச் சொல்
பெயர்ச்சொல்லுக்கு முன், ஆங்கிலத்தின் the போல, க அல்லது கெ வரும். க, எ, அ, ஒ ஆகியவற்றில் தொடங்கும் சொல்லுக்கு கெ: கெ கை (கடல்), கெ அகுஅ. மற்றவற்றுக்கு க: க வை (நன்னீர்), க ஹலெ. ‘ஒகினவும் மெய்தான், ஆகவே க ‘ஔமகுஅ. பன்மைக்கு எல்லாவற்றுக்கும் நா. விலக்குகளும் உண்டு, மேசை கெ பாகௌகௌ. அவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

படி 4: உடைமை
அதிகம் பிழையாவது இங்கேதான். பெற்றோர், முன்னோர், உடல், வீடு, படகு, உடை ஆகியவற்றுக்கு கொ‘உ: கொ‘உ ஹலெ. பிள்ளை, உணவு, கருவி ஆகியவற்றுக்கு க‘உ: க‘உ பஹி (என் கத்தி). காவல் முன்னோர் வீட்டோடும் உடலோடும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள். கத்தியைப் போல அவரைத் தேடிப் பெற முடியாது.

படி 5: வாக்கியம்
"ஒரு" என்பதற்கு ஹெ. அதுதான் முதலில் வரும். ஹெ புஎஒ கொன ‘ஔமகுஅ: அவருடைய காவல் முன்னோர் ஓர் ஆந்தை. ஹெ வந்த பெயருக்கு க, கெ சேர்க்காதீர்கள். புஎஒ இடத்தில் மனோ வைத்து மீண்டும் சொல்லிப் பாருங்கள். அந்த ஓ நெடில்.