நாய் ட்ரெய்லருக்கு நிழல் கூரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மணிக்குப் பன்னிரண்டு வயது. லாப்ரடார். பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டதால் இரண்டு ஆண்டுகளாக சைக்கிளுக்குப் பின்னால் பூட்டிய ட்ரெய்லரில்தான் ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ரைன் நதிக்கரைக்கு வருகிறான். முதல் கோடையில் அவனுக்காகக் கறுப்புக் குடைத்துணியில் ஒரு கூரை தைத்தேன். தூசி உள்ளே போகக்கூடாது என்று பக்கங்களையும் இழுத்துக் கட்டினேன். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு உள்ளே கையை விட்டபோது, துணியின் உட்புறம் அடுப்படிச் சுவர்போலச் சுட்டது. மணியின் நாக்கு நுனி கரண்டிபோல அகன்று தொங்கியது. நல்ல எண்ணத்தில் செய்த வேலை அவனை வேகவைத்துக்கொண்டிருந்தது.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்று ஓடாத இடத்தில் அந்த முக்கிய வழியும் அடைபடும். நாய்க்குப் பந்தல் போட வேண்டிய இடத்தில் போர்வை போர்த்திவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

துணியை ட்ரெய்லரின் மேற்பரப்பில் ஒட்டினாற்போல் விரிக்காதீர்கள். வெயிலை வாங்கிய துணி தானும் சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். நடுவில் நாலைந்து விரற்கடை இடைவெளி இருந்தால் காற்று புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். வளையும் கண்ணாடியிழைக் குச்சி இரண்டை வில்லாக வளைத்து மேலே கட்டினால் அந்த இடைவெளி கிடைக்கும். மழைக்கான தெளிந்த பிளாஸ்டிக் மறைப்பை இறக்கிவிட்டு அதன்மேல் நிழல் துணியைப் போடுவது இன்னும் மோசம். பிளாஸ்டிக்கை முழுக்கச் சுருட்டி வையுங்கள். நிழல் துணியை உட்புறமாகக் கட்டுவதும் கூடாது. வெயிலை உள்ளே வரவிட்டு அங்கே தடுப்பதில் என்ன பயன்?

துணியைப் பொறுத்தவரை, நாற்றங்கால்களில் கட்டும் பின்னல் நிழல் வலையே எனக்குப் பிடித்தது. 70 முதல் 80 சதவீதம் வெயிலை மறைக்கும் வகையை, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். காற்று ஊடுருவும், வெட்டினால் நூல் பிரிந்துபோகாது. தார்ப்பாய் வேண்டாம். வெள்ளித் தாளும் வேண்டாம்: வெயிலைத் திருப்பியடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் காற்றில் படபடவென்று அடிக்கும் ஓசையில் பல நாய்கள் மிரண்டுவிடும்.

அடுத்தது, சூரியன் எப்போதும் தலைக்கு மேலேயே நிற்கும் என்று நினைத்துக் கூரை போடுவது. கொலோனில் கோடைக்கால நேரப்படி (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்) ஒன்றரை மணிக்குத்தான் உச்சிவெயில். ஜூன் கடைசியில் மாலை 6 மணிக்குக்கூட சூரியன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். ட்ரெய்லர் தளத்திலிருந்து 60 செ.மீ. உயரத்தில் கூரை இருந்தால், அந்நேரத்தில் அதன் நிழல் 90 செ.மீ.க்கும் அப்பால் விழும். பெரும்பாலான நாய் ட்ரெய்லர்களின் உள் அகலம் அவ்வளவு இருக்காது. நிழல் பாதையில் கிடக்க, நாய் வெயிலில் கிடக்கும். ஆற்றோரமாக வடக்கே போகும்போது மாலை வெயில் இடப்பக்கம் அடிக்கும், திரும்பும்போது வலப்பக்கம். அதனால் இரு பக்கமும் சுருட்டி இறக்கக்கூடிய திரை தைத்தேன். வெயில் படும் பக்கத்தை மட்டும் இறக்குவேன். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கும். சைக்கிளில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தால் மணியின் முகம் தெரிய முன்புறத்தையும் மறைக்காமல் விட்டிருக்கிறேன்.

ஓட்டும்போது காற்று தானாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நீங்கள் போக, அதே வேகத்தில் பின்காற்றும் வீசினால் ட்ரெய்லருக்குள் இலை அசையாது. ஈரத் துண்டைக் கூரைமேல் போர்த்துவதும் பலர் செய்வது. அது காற்றோட்டத்தை அடைத்து உள்ளே புழுக்கத்தை ஏற்றும். தண்ணீர் இருந்தால் நாயின் வயிற்றையும் பாதங்களையும் நனையுங்கள். கீழிருந்து வரும் சூட்டையும் மறக்கக்கூடாது. சுட்டுக்கிடக்கும் தார்ச்சாலைக்கு ஒரு சாண் மேலேதான் தளம் இருக்கிறது. ஒரு தடித்த பாய் போடுங்கள்.

கட்டும் விதத்தில் சிறு கவனக்குறைவும் பெரிய விபத்தாகும். தொங்கும் கயிறு நுனி சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு தெறித்தால் கண்ணைக் குத்தும். கேபிள் டை என்ற பிளாஸ்டிக் கட்டுப்பட்டையின் வெட்டிய முனை நாயின் காதைக் கிழிக்கும். வெல்க்ரோ பட்டையே போதும். சட்டகக் குழாயில் துளை போட்டுத் திருகாதீர்கள், குழாய் பலவீனப்படும். கூரை உயர உயரப் பக்கக் காற்றில் பாய்மரம்போல இழுக்கும் என்பதால் தாழ்வாகவே வையுங்கள்.

பின்விளக்கையும் பிரதிபலிப்பானையும் துணி மறைக்கக்கூடாது. ஜெர்மனியில் 2018 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வந்த, 60 செ.மீ.க்கு மேல் அகலமான சைக்கிள் ட்ரெய்லர்களுக்குப் பின்புறம் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கு கட்டாயம்.

கூரை போட்டாயிற்று, இனி எந்த வெயிலிலும் போகலாம் என்ற துணிச்சலைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் துவண்டுவிடும். ஈறு செக்கச் சிவந்து, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

புதுக் கூரையுடன் முதல் ஓட்டத்துக்கு நாயை ஏற்றாதீர்கள். அதன் எடைக்கு ஈடாக அரிசி மூட்டையை வைத்து, நாய் படுக்கும் உயரத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டி, நல்ல வெயிலில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு பத்து நிமிடம் வெயிலிலேயே நிறுத்தி வைத்துப் பாருங்கள். வெளியே மர நிழலில் இருப்பதைவிட உள்ளே சூடு கூடுதலாகக் காட்டினால் துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்ட வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.