மெலிந்துபோன அஸ்பாரகஸ் பாத்தி: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் கொல்லையில் நான் வைத்த அஸ்பாரகஸ் (இளந்தண்டைக் காய்கறியாகச் சமைக்கும் செடி), நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுச்செடிதான் என்றாலும், இரண்டாம் ஆண்டிலேயே பென்சிலை விட மெல்லிய தண்டுகளை விட்டது. அடைமழையில் தண்டுகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து தழையும் காய்ந்தது.

தவறு என்னுடையதே. குளிர்நாட்டு வழக்கப்படி, முளைத்த தண்டுகளை எல்லாம் தொடர்ந்து ஆறு வாரம் அறுத்துவிட்டேன். அங்கே பனிக்காலத்தில் உறங்கும் செடி, வேரில் சேர்த்த உணவைக் கொண்டு வசந்தத்தில் முளைக்கிறது. நம் வெயிலிலும் மழையிலும் அதற்கு உறக்கமே கிடையாது; முளைப்பதை எல்லாம் அறுத்தால் வேரில் உணவு சேர வழியில்லை. ஆகவே, தாய்லாந்திலும் தைவானிலும் பின்பற்றப்படும் தாய்த்தண்டு முறைக்கு மாறினேன். ஒவ்வொரு தூரிலும் தடித்த நான்கு தண்டுகளைத் தழைக்க விட்டு, கம்பு நட்டுக் கயிற்றால் தாங்கி, அதன்பின் முளைப்பவற்றை மட்டும் ஒரு சாண் உயரத்தில் அறுத்தேன். மூன்று, நான்கு மாதங்களில் தாய்த்தண்டுகள் மஞ்சளித்ததும் அவற்றை நீக்கிப் புதியவற்றை வளர விட்டேன்.

இங்குள்ள செம்மண் புளிப்பானது. டோலமைட் சுண்ணாம்பு கலந்து அதன் பிஎச் (புளிப்புத்தன்மை) அளவை 6.5க்கு அருகே கொண்டுவந்தேன்; நீர் தேங்காதிருக்கப் பாத்தியை 30 சென்டிமீட்டர் உயர்த்தினேன். நோயுற்ற தண்டுகளை எருக்குழியில் போடாமல் எரித்தேன். முன்பு போட்டதுதான் நோயைப் பரப்பியது என்று எண்ணுகிறேன்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், பெலாச்சான் சம்பலில் (இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சாந்தில்) வதக்குமளவு ஒரு பிடி கிடைக்கிறது.