பேலியோவில் எடை குறைய எத்தனை கிராம் புரதம்? தராசு வைத்துக் கணக்குப் போடும் முறை

சோறு, இட்லி, சர்க்கரையை நிறுத்திவிட்டு பேலியோவுக்கு (மாவுச்சத்தைக் குறைத்து இறைச்சி, முட்டை, காய், கொழுப்பைச் சாப்பிடும் உணவுமுறை) வந்தவர்களுக்கான பதிவு இது. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

நான் தொடங்கும்போது உயரம் 165 செ.மீ., எடை 88 கிலோ. காலையில் 100 பாதாம், மதியம் நெய்யில் வதக்கிய காய், இரவு கொஞ்சம் சிக்கன். முதல் வாரத்திலேயே 3 கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீர் இருக்கும், மாவுச்சத்தைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மூன்றாவது மாதத்தில், வீட்டில் வழக்கமாக நானே தூக்கி வைக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்க முடியவில்லை. கொழுப்போடு தசையும் கரைகிறதோ என்ற பயம் வந்து, சாப்பிடுவதை எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 55 கிராம் புரதம்கூடத் தேறவில்லை.

படி 1: ரத்தப் பரிசோதனை

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் பதிவின் கணக்கு உங்களுக்கு இல்லை, மருத்துவர் சொல்வதுதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்பே அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடலாம்.

படி 2: உங்கள் இலக்கு

உயரத்தை சென்டிமீட்டரில் எழுதி 100-ஐக் கழியுங்கள். எனக்கு 65, இதைக் கிலோவில் இலக்கு எடையாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 1.5 கிராம் புரதம் என்று பெருக்கினால் 97.5, நான் 100 கிராம் என்று வைத்துக்கொண்டேன். உடற்பயிற்சியே இல்லாதவர்கள் 1.2 போதும் என்று தொடங்கலாம், எடை தூக்குபவர்கள் 1.6 வரை போகலாம். இப்போதைய எடையால் பெருக்க வேண்டாம். உடம்பில் கூடுதலாகச் சேர்ந்த கொழுப்புக்கும் சேர்த்துப் புரதம் போட வேண்டியதில்லை.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் சொன்னது கிலோவுக்கு 0.83 கிராம்தானே என்று கேட்கலாம். அது வயிறார வழக்கமான உணவு சாப்பிடும் ஆரோக்கியமானவருக்கான அளவு. நாம் கலோரியைக் குறைத்துச் சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் தசையைக் காப்பாற்ற அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

படி 3: எடை போடுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், 100 கிராம் சிக்கன் என்றால் 100 கிராம் புரதம் இல்லை. எலும்பில்லாத பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 22 கிராம்தான் புரதம். அதையே வேகவைத்தால் தண்ணீர் வற்றி 70, 75 கிராமாகச் சுருங்கிவிடும், புரதம் அதே 22. அதனால்தான் இணையத்தில் சில பட்டியல்கள் 22 என்கின்றன, சில 31 என்கின்றன. 31 என்பது வெந்த கறிக்கு. நான் பச்சையாக 200 கிராம் எடை போட்டுவிட்டு 31-ஆல் கணக்குப் போட்டேன். 62 கிராம் என்று நோட்டில் எழுதினேன், உள்ளே போனது 44.

பச்சைக்குப் பச்சைப் பட்டியல், வெந்ததற்கு வெந்த பட்டியல். என் விருப்பம் பச்சைதான். வறுவல், குழம்பு என்று சமைக்கும் விதத்துக்குத் தகுந்தபடி வெந்த எடை மாறும்.

அடுத்து எலும்பு. குழம்புக்கு வெட்டிய கறியில் எலும்பும் எடையில் சேர்ந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் எலும்பைத் தராசில் வைத்துக் கழித்துவிடுங்கள், துல்லியமாக வராவிட்டாலும் போதும். மீன் கடையில் தலை, குடல், செதிலோடு எடை போட்டிருப்பார்கள். கழுவிச் சுத்தம் செய்தபின் வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தராசு டிஜிட்டலாக இருக்கட்டும், பாத்திரத்தை வைத்ததும் பூஜ்யமாக்கும் பொத்தான் கட்டாயம் வேண்டும். செல்போன் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் யார் வேண்டுமானாலும் அளவைச் சேர்க்கலாம், ஒரே ஆம்லெட்டுக்குப் பத்து விதமான எண்கள் கிடக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலும் ஒரு 40 பக்க நோட்டும் எனக்குப் போதும்.

படி 4: மூன்று வேளைக்குப் பிரிப்பது

என் ஒரு நாள்: காலையில் 4 முட்டை (24 கிராம்), மதியம் பச்சையாக 150 கிராம் சிக்கன் (33), இரவு சுத்தம் செய்த மத்தி அல்லது அயிலை 150 கிராம் (சுமார் 28), தயிர் 150 கிராம் (5), 20 பாதாம் (5). கீரை, காயில் வருவதையும் சேர்த்தால் 100-ஐத் தொடும்.

100 பாதாமை ஏன் 20 ஆக்கினேன்? நூறு பாதாமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, உண்மைதான். கூடவே சுமார் 700 கலோரியும் வருகிறது. ஏறக்குறைய அதே அளவு புரதம் 4 முட்டையில் 300 கலோரிக்குள் கிடைக்கும். பசி தாங்காத ஆரம்ப நாட்களில் பாதாம் கைகொடுக்கும், எடை இறங்குவது நின்றுபோனால் முதலில் கைவைக்க வேண்டியதும் அதில்தான். நெய்யும் வெண்ணெயும் அப்படியே. அவற்றில் புரதம் இல்லை.

பிற்சேர்க்கை: சைவம்

முட்டையும் சாப்பிடாதவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பனீர் 100 கிராமில் 18 கிராம் புரதம் உண்டு, ஆனால் கொழுப்பு 20 கிராமைத் தாண்டும். வீட்டில் பனீர் போடுபவர்கள் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டுக்குப் (6 சதவீதக் கொழுப்பு) பதிலாக நீல பாக்கெட் (3 சதவீதம்) வாங்குங்கள், புரதம் ஏறக்குறைய அதேதான். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம் இருக்கிறது, 16 கிராம் மாவுச்சத்தும் உண்டு. பேலியோவில் சோயாவைச் சேர்க்க மாட்டார்கள். புரதம் தேறாத சைவர்கள் வாரம் இரண்டு நாள் அதைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொரு பிற்சேர்க்கை

புரதத்தைக் கூட்டியதும் மலச்சிக்கல் என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கும் இரண்டு வாரம் இருந்தது. தினமும் ஒரு கட்டுக் கீரையும், மதியம் வெண்டைக்காயோ அவரைக்காயோ 200 கிராமும், தண்ணீர் 3 லிட்டரும் வைத்துக்கொண்ட பிறகு சரியானது.