ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிக்கு எவ்வளவு பெரிய மேப் வேண்டும்?

சொந்தமாக ஒரு ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாகப் பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றும் வீடியோ கேம், செய்ய உட்கார்ந்தபோது நான் முதலில் உருவாக்கியது 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் நிலம். மலை, ஆறு, காடு எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அப்புறம் நான்கு மாதம் அதை நிரப்பினேன், நிரம்பவே இல்லை. கடைசியில் 3-க்கு 3 ஆக வெட்டினேன். அன்றுதான் அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கே வந்தது.

மேப்பைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நிமிடத்தில் அளந்து பாருங்கள். என் கதாபாத்திரம் விநாடிக்கு 5 மீட்டர் ஓடும். 8 கிலோமீட்டரைக் கடக்க 27 நிமிடம், 3 கிலோமீட்டருக்கு 10 நிமிடம். நாற்பது விநாடிக்கு ஒருமுறையாவது கண்ணில் ஏதாவது பட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்: இடிந்த பாலம், அணைந்தும் சூடு ஆறாத அடுப்பு, இரண்டாகப் பிரியும் பாதை. பத்து நிமிட வழிக்குப் பதினைந்து விஷயம் போதும். ஆனால் பிளேயர் பாதையிலேயே போவார் என்று யார் சொன்னது? 3-ஐ 8 ஆக்கினால், பக்கத்தின் நீளம் மூன்று மடங்குகூட ஆகாதபோதே பரப்பு ஏழு மடங்கு ஆகிவிடுகிறது. உங்கள் வேலையும் ஏழு மடங்கு.

1996-இல் வந்த டாகர்ஃபால் என்ற ஆர்பிஜி இதற்கு நேர் எதிரான வழியில் போனது. ஊர்களும் பாதாளங்களுமாகச் சுமார் 15,000 இடங்கள், பெரும்பாலும் நிரல் உருவாக்கியவை. தூரம் தூரமாகவே இருந்தது, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போனால் அதே தெருதானோ என்று தோன்றும். அடுத்து 2002-இல் அதே தொடரில் வந்த மாரோவிண்ட் ஒரே தீவுக்குள் சுருங்கியது, இடங்களைக் கையால் செய்தார்கள். அந்தத் தீவு சின்னது என்று விளையாடும்போது எனக்குத் தோன்றவே இல்லை. பல வருடம் கழித்து, பார்வைத் தூரத்தை நீட்டும் மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) ஒன்றைப் போட்டேன். மூடுபனி விலகியது. தனித்தனி தேசங்கள் என்று நான் நம்பிய ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த எல்லா மேப்பும் அந்தப் பனியிடம் கற்றதுதான்.

ஆகவே, ஒரு ஊரில் நின்றால் அடுத்த ஊர் தெரியக் கூடாது. நேர்ச்சாலை போடாதீர்கள். நடுவில் ஒரு மேடு, ஒரு வளைவு, அடர்ந்த மரங்கள் இருக்கட்டும். செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட் விளையாட்டைச் செய்த குழுவினர் நிலத்தை முக்கோண வடிவங்களால் அமைத்ததாக 2017-இல் விளக்கினார்கள்: ஏறுவதா, சுற்றிப் போவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், பின்னால் இருப்பதும் மறைந்திருக்கும். நான் இரண்டு ஊருக்கு நடுவே ஒரு குன்றை வைத்தேன், தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. விளையாடிப் பார்த்த நண்பர் "அந்த ஊர் ரொம்ப தூரம்" என்றார்.

கடிகாரத்தையும் தூரத்தோடு பொருத்துங்கள். மாரோவிண்டின் தொடரிலேயே பின்னர் வந்த ஸ்கைரிமில் நம் ஒரு நிமிடம் அங்கே 20 நிமிடம், முழு நாள் 72 நிமிடத்தில் முடிகிறது. அந்தக் கணக்கில் என் 3 கிலோமீட்டர் ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடந்து போனால் சுமார் 15 கிலோமீட்டர் போகிற நேரம். காலையில் கிளம்பி மதியம் சேர்ந்தால் மனசு அந்தத் தூரத்தை ஏற்றுக்கொள்ளும். வெளிச்சம் மாறாமல் இருந்தால் ஏற்காது.

பலரும் கோட்டை விடுவது ஆள் கணக்கில்தான். ஒருநாள் என் மேப்பில் எண்ணிப் பார்த்தேன்: ஊர்க்காரர்கள் 31, கொள்ளைக்காரர்கள் 46. இத்தனை பேர் யாரைக் கொள்ளையடித்து வாழ்கிறார்கள்? கொள்ளைக்காரர் முகாம்களை வெறும் இரண்டாகக் குறைத்தேன். இருபது வீடு உள்ள ஊரை வசனத்தில் "மாநகரம்" என்று சொல்லாதீர்கள், மக்கள்தொகை எண்ணே வேண்டாம். சோறு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் பதில் வையுங்கள். ஒரு வயல், ஒரு ஆலை, மேப்பின் விளிம்பைத் தாண்டிப் போகிற ஒரு வண்டிப்பாதை, அதில் சுங்கம் வாங்கும் காவலர். மேப்புக்கு வெளியேயும் நாடு தொடர்கிறது என்பதை அந்தக் காவலர் ஒருவரே சொல்லிவிடுவார்.

ஃபாஸ்ட் டிராவலை, அதாவது நடக்காமல் நொடியில் இன்னொரு இடத்துக்குப் போகும் வசதியை, கடைசியாகச் சேருங்கள். அது இல்லாமல் ஒரு வாரம் உங்கள் மேப்பில் நடந்து பாருங்கள். சலிப்புத் தட்டுகிற இடத்தைத் தாளில் குறித்து, அந்தத் துண்டை வெட்டுங்கள்.